ஏதேன் தோட்டத்துல களை கெடையாது

…அதத்தாங்க நானும் கேக்குறேன். தோட்டம்னு ஒன்னச் சொன்னா அதுல ஒரு செடி இருக்கணுமா, இல்லையா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க டீச்சரம்மா. தேயில வேணாம். மரம் வேணாம். ஒரு கீரப்பாத்தி? ஒரு புல்லு? அட, கல்லுல ஒட்டிக்கிட்டு இருக்குமே பாசி, அதாவது இருக்கணுமில்ல? ஒன்னும் இல்லீங்க! மொட்டப் பாறை. அதுக்குப் பேரு ஏதேன் தோட்டமாம். அந்தப் பாறைக்குத்தான் எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு மொத பஸ்ஸுல பொறப்பட்டுப் போயிட்டாரு.

கொஞ்சம் தள்ளி ஒக்காந்துக்கிறீங்களா? ஆங்… போதும் போதும். நீங்களும் அட்டனுக்குத்தானே? டீச்சருன்னு எப்படித் தெரியும்னு பாக்குறீங்களா? கையில சோக்குத் தூளு இருக்கே. நான் சிசிலி. நரிக்கல்லுத் தோட்டத்துப் பெரிய பங்களாவுல ஆயாவா இருந்தவ. இப்ப மறுபடியும் கொழுந்துக் கூட. உங்க கைக்கடியாரத்துல எத்தனைங்க? … பத்தேகாலா? பன்னெண்டுக்கு கொழும்பு ரயிலு. இந்த மனுசன் ஓட்டுற ஓட்டுக்கு… யம்மா! என்னா திருப்பு திருப்புறாரு பாருங்க, ஸ்டியரிங்கப் புடிச்சு மாவாட்டுறாரு.

நேத்து ஆபீசுக்குப் போயி பத்துச்சீட்டு வாங்கிட்டாருங்க, எங்க வீட்டுக்காரரு. எனக்கு ஒரு வார்த்த சொல்லல. பத்துச்சீட்டு தெரியுமில்ல? செக்ரோலுன்னு ஆளுங்க பேரு எழுதுற புஸ்தகத்துல பேர வெட்டிட்டு, இன்னாரு இந்தத் தோட்டத்த விட்டுப் போறாருன்னு கிளாக்கரய்யா எழுதிக் குடுக்குற கடுதாசி. பேரு போனா லயத்துல அவரு பேருக்குக் குடுத்த ஒத்த ரூமு, எங்க காம்பரா, அதுவும் போச்சு. காம்பரா போனா நானு, என் பொட்டி, என் கோழி மூனு பேரும் ரோட்டுல. சாயந்தரம் தொரை வந்து புஸ்தகத்துல கையெழுத்துப் போடுற வரைக்குந்தான் தவண. அதுக்குள்ள அவர ரயிலுல ஏறாமப் புடிச்சு, இழுத்துட்டுப் போயி, தொரை கால்ல… சரி, கால்ல விழுறது அப்பறம். மொதல்ல புடிக்கணும்.

எப்படிக் கண்டுபுடிச்சேன்னு கேளுங்க. காலையில பீலிக்குப் போயித் தண்ணி எடுத்துட்டு வர்றேன், கதவுக்குப் பக்கத்துல அவரு சொரண்டி சாத்தி வச்சிருக்கு. இருவது வருசமா களை சொரண்டுற சொரண்டி. அது இல்லாம அவரு தெருவுக்குக்கூடப் போக மாட்டாரு. எண்ண போட்டுத் தொடச்சு, துணியச் சுத்தி, செத்தவங்க சாமான் மாதிரி வச்சிருக்கு. அடுத்த காம்பரா வேலாயி ஓடியாந்து சொல்றா, ‘அக்கா, மாமா பொட்டியத் தூக்கிட்டுப் போறாரு! சொரண்டிய மறந்துட்டீங்களேன்னு கேட்டேன். களையில்லாத தோட்டத்துக்கு சொரண்டி எதுக்குன்னு சிரிக்கிறாரு. ஏதேன்ல பேரு பதிஞ்சுட்டு அக்காவக் கூப்பிட்டுக்குவாராம்!’

என்மேல என்னங்க தப்பு? நீங்களே சொல்லுங்க. நான் ஒரு பொய் சொல்லல. சத்தியமா ஒரு பொய் சொல்லல.

மொதக் குத்தம் தொரசாணி மேல. ‘சிசிலி, நான் சீமைக்குப் போறேன், ஏடன் வரைக்கும் நீ பாப்பாவத் தூக்கிட்டு வா, அங்க என் தங்கச்சி இருக்கா, அங்கருந்து அவ கூட வருவா, நீ அடுத்த கப்பல்ல திரும்பிடு’ன்னாங்க. ஏடன்னு மட்டும் சொன்னாங்க. அரேபியாக் கரையில ஒரு பட்டணம், கப்பலெல்லாம் எண்ண போட நிக்கிற எடம்னு ஒரு வார்த்த கூடச் சேத்துச் சொல்லியிருந்தா வாயில முத்தா உதுந்துரும்?

ரெண்டாவது குத்தம் எங்க சபை உபதேசியாரு ஞானரட்ணம் மேல. என் பொட்டியில பங்களாவுல ஒரு சீட்டு ஒட்டியிருந்தாங்க. அதப் படிக்கச் சொல்லிக் குடுத்தேன். மனுசன் மூக்குக் கண்ணாடியத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டாரு. அவருக்குக் கண்ணாடி படிக்க இல்ல, யோசிக்க. ‘ஏ… டி… ஈ… என்…’ அப்பறம் அந்தச் சீட்டத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிட்டாருங்க! ‘சிசிலி, இது இங்கிலீசுல ஏடன். நம்ம வேதத்துல ஏதேன். நீ ஏதேன் தோட்டத்துக்குப் போறம்மா.’

அவ்வளவுதான். லயம் முழுக்கப் பத்திக்கிச்சு.

எங்களுக்குத் தோட்டம்னா என்னாங்க? தோட்டந்தான். தொரை இருப்பாரு, காவக்காரன் இருப்பான், காலையில ஆளுங்கள நிக்க வச்சு எண்ணுற பெரட்டு இருக்கும். வேதத்துலயும் அப்படித்தானே எழுதியிருக்கு? பெரிய தொரை ஒருத்தரு தோட்டம் போட்டு, ஒரு ஆணையும் ஒரு பெண்ணையும் பேரு பதிஞ்சாரு. ‘எல்லா மரத்துலயும் எடுங்க, அந்த ஒத்த மரத்துல மட்டும் கைய வைக்காதீங்க’ன்னாரு. ஒரு கங்காணி நெளிஞ்சு நெளிஞ்சு வந்து, ‘அட, எடு தாயி, யாரு பாக்கப் போறா’ன்னான். எடுத்தாங்க. சாயந்தரம் குளிந்த நேரத்துல தொரை சுத்திப் பாக்க வந்தாரு, புடிச்சாரு, புருசனுக்கும் பொஞ்சாதிக்கும் பத்துச்சீட்டு. கேட்டுல காவல். உபதேசியாரு இந்தப் பிரசங்கம் வச்சா எங்க லயத்துல அழாத ஆளு கெடையாது. எல்லாருக்கும் நடந்த கததானே.

அதனால நான் போறேன்னதும் ஆளாளுக்கு ஒன்னு கேக்குறாங்க. வேலாயி ஒரே ஒரு எல கேட்டா. மூக்கன்னு ஒரு கெழவரு, கடைசியில இருக்குற தொங்க லயத்துல இருக்காரு, அவரு என்ன கேட்டாரு தெரியுமா? ‘ஆயா, ஆதாமுக்குப் பேரு வெட்டுன எடம் இன்னும் காலியா இருக்கான்னு பாத்துட்டு வா’ன்னாரு. சிரிக்காதீங்க. அவரச் சொல்லிக் குத்தமில்ல. இந்த நாட்டுப் பிரஜையாப் பதியச் சொல்லி எழுதிப் போட்டு அஞ்சு வருசமாச்சு, பதிலில்ல. நீ இந்தியாக்காரன்னு இவங்க சொல்றாங்க. அங்க எழுதிக் கேட்டா நீ யாருப்பாங்குறாங்க. எங்கயாவது ஒரு புஸ்தகத்துல பேர எழுதிக்கிட்டா சரின்னு இருக்காரு மனுசன்.

எனக்குக் கப்பல் கடுதாசி வாங்குறதுக்குள்ள தொரைக்கே தல நரச்சுப் போச்சு. கொழும்பு ஆபீசுல ஒரு சிங்கள ஐயா, மாத்தயான்னுதான் கூப்பிடணும், ‘உன் நாடு எது?’ன்னாரு. ‘நரிக்கல்லுத் தோட்டம், கீழ்க்கணக்குப் பிரிவு’ன்னேன். பேனாவப் புடிச்சவரு புடிச்சபடியே இருந்தாரு, பாவம். அவரு பாரத்துல அதுக்குக் கட்டம் இல்ல.

… என்னங்க? இது டிக்கோயாவா? இல்ல இல்ல, இன்னும் நோர்வூட்டே தாண்டல. நீங்க சன்னலுக்கு வெளிய பாத்துப் பாத்து எனக்கும் பதறுது.

கப்பலப் பத்திச் சொல்ல மாட்டேன். பாப்பா நல்லா இருந்துச்சு, ஆயாதான் வாந்தியெடுத்துச்சு. அவ்வளவுதான். ஒரு நாள் காலையில தொரசாணி, ‘சிசிலி, ஏடன்!’ன்னாங்க. நான் என்ன செஞ்சேன்? வெள்ளச் சேல கட்டி, முக்காடு போட்டு, பாப்பாவ இடுப்புல வச்சுக்கிட்டு மேல ஓடினேன். ஓடினதோட இல்ல, செருப்பக் கழட்டிட்டேங்க! பரிசுத்த பூமியில்லையா? கப்பல் தளத்து இரும்பு அடுப்பா கொதிக்குது. ஒரு கால வச்சு ஒரு கால எடுத்து, ஏதேனப் பாத்துக்கிட்டே நான் குதிச்ச குதி இருக்கே! வெள்ளக்காரங்க ரெண்டு பேரு கையத் தட்டுனாங்க. எங்க ஊரு ஆட்டம்னு நெனச்சுக்கிட்டாங்க போல.

கண்ணத் தொடச்சுட்டுப் பாக்குறேன்… நம்ம மலைங்க இருக்கு பாருங்க, இதோ இந்த மலை, இதோட பச்சத் தோல உரிச்சுட்டு எலும்ப மட்டும் வெயில்ல காயப் போட்டா எப்படியிருக்கும்? அப்படி. கருப்பா, முறுகி, பல்லு பல்லா. ஒரு மேகமில்ல. ஒரு ஈரமில்ல. ‘தோட்டம் எந்தப் பக்கம்மா?’ன்னேன். ‘என்ன தோட்டம்?’ன்னாங்க தொரசாணி. சரி, அந்தாண்டப் பக்கம் இருக்கும்னு மனசத் தேத்திக்கிட்டேன். நம்ம அட்டன் டவுனுல நின்னா மட்டும் கொழுந்தா தெரியுது?

பதினோரு நாள் இருந்தேன், திரும்புற கப்பலுக்காக. தொரசாணியும் தங்கச்சியும் ஊரு சுத்திப் பாக்கப் போறப்ப எல்லாம் பாப்பாவோட நானும் காருல. கார்க்காரரு பம்பாய்க்காரரு, கொழும்புல இருந்தவரு, நம்ம பாஷ பேசுவாரு. எல்லாத்தையும் காட்டுனாரு. மலைமேல ஒரு மணிக்கூண்டு. பாத்தாச்சு. கடலோரத்துல மலைமலையா வெள்ளையா குமிச்சு வச்சிருக்கு, ஆகா மாவுன்னு பாத்தா உப்பு. பாத்தாச்சு. ராசா காலத்துத் தொட்டிகளாம், பாறையக் கொடஞ்சு கெணறு கெணறாக் கட்டியிருக்கான். ‘மழ பெஞ்சா நெறையும்’னாரு. ‘எப்பங்க பெய்யும்?’ன்னேன். மனுசன் வெரல மடக்கி எண்ணுறாரு… வருசத்தைங்க! நாம ஆடி மாசத்துல மழ நின்ன நாளத்தான் அப்படி எண்ணுவோம்.

அப்பறம் கடல்கன்னி காட்டுறோம்னு ஒரு வீட்டுக்குள்ள விட்டான் ஒருத்தன். போனா, கண்ணாடிப் பொட்டிக்குள்ள ஒரு எருமக் கன்னுக்குட்டி மாதிரி ஒன்ன வைக்கோல் அடச்சு வச்சிருக்கான். மீச இருக்கு. மீசைங்க! ‘இதுவாய்யா கன்னி?’ன்னேன். பாப்பா அதப் பாத்துக் கையத் தட்டி ‘தாத்தா, தாத்தா’ங்குது. பங்களாவுல பெரிய படமா மாட்டியிருக்காங்க இல்ல தொரசாணியோட அப்பா, அசல் அவரேதான். தொரசாணி என்னப் பாக்குறாங்க, நான் மேல பாக்குறேன், சிரிப்ப அடக்கி அடக்கி எனக்கு வயித்துல சுளுக்கு.

ஆனா டீச்சரம்மா, ஒரு நாளு அந்தக் கார்க்காரரு ஒரு பாறையக் காட்டி, ‘காயீனோட சமாதி அங்கதான் இருக்குன்னு ஊருல பேசிக்கிறாங்க’ன்னாரு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. காயீன் இருந்தா ஏவாள் வீடு பக்கத்துலதானே இருக்கணும்? அப்ப எடம் சரி! உபதேசியாரு சொன்னது சரி! தோட்டத்தத்தான் காணோம். அன்னைக்குப் பூரா அதையே நெனச்சேன். அவங்க ரெண்டு பேரையும் வெரட்டியாச்சு. புல்லு வெட்ட ஆளில்ல, கவ்வாத்துக்கு ஆளில்ல, தண்ணி ஓடக் கான் வெட்ட ஆளில்ல. காவக்காரனும் யாரையும் உள்ள விடல. தோட்டம் என்னாகும்? பாழாப் போயிருக்கும். ஆள வெரட்டிட்டா எந்தத் தோட்டந்தாங்க நிக்கும்?

இத அப்படியே வந்து சொல்லியிருந்தா முடிஞ்சிருக்கும். சொல்லத்தான் வந்தேன்.

பொகவந்தலாவையில பஸ்ஸ விட்டு எறங்குறேன், சபையே நிக்குது. உபதேசியாரு பாட்டு எடுக்குறாரு. வேலாயி செம்புல தண்ணியோட வந்து என் காலக் கழுவுறா, ஏதேன் மண்ணு பட்ட காலுன்னு. கழுவுன தண்ணிய என்ன பண்ணுனான்னு நான் கேக்கல. மூக்கன் பெருசு முன்னால வந்து என் மொகத்தப் பாக்குறாரு. ‘ஆயா, எப்படித் தாயி இருக்கு தோட்டம்?’ அத்தன மொகத்துக்கு முன்னால ‘பாறை’ன்னு எப்படிங்க சொல்றது? அதுக்காகப் பொய் சொல்லலாமா? சபையில நின்னுக்கிட்டு? அதனால உண்மையச் சொன்னேன்.

‘அங்க களை கெடையாது’ன்னேன்.

‘ஆ…!’ன்னுச்சுங்க சனம். ‘ஒரு களையுமா?’ ஒரு களையும். ‘மழ?’ கெடையாது. ‘அட்டை?’ அட்டைன்னா என்னான்னே அங்க ஆளுங்களுக்குத் தெரியாது. ‘பெரட்டுக்குக் கூப்பிடத் தப்படிக்கிறது?’ பதினோரு நாளும் கேக்கல. ‘குளுரு?’ கம்பளியப் பொட்டிய விட்டே எடுக்கல. ‘தண்ணிக்கு பீலிக்குப் போகணுமா ஆயா?’ இல்ல, ஒட்டகம் வண்டியில இழுத்துட்டு வந்து வாசல்ல நிக்கும். ‘ஆட்டுக்குப் புல்லறுக்கப் போகணுமா?’ இல்ல, ஆடு கெடச்சதத் தின்னுட்டு சமத்தா இருந்துக்கும். ஆமாங்க, அந்த ஊரு ஆடு கடுதாசி திங்குது! அட்டப்பொட்டியத் திங்குது! என் கப்பல் சீட்டையே திங்க வந்துச்சு. சொல்லுங்க, இதுல எது பொய்? ஒன்னக் காட்டுங்க!

மூனாவது குத்தம் எங்க வீட்டுக்காரரு மேல. அவரு கேட்டிருக்கக் கூடாது.

அவரு பேச மாட்டாருங்க. பதினெட்டு வருசமாச்சு எங்களுக்குக் கலியாணமாகி. புள்ளகுட்டி இல்ல. நான் பேசுவேன், அவரு ‘ம்’முன்னுவாரு. அதுவும் பாதிக்குத்தான். மீதிக்குச் செவுரு ‘ம்’முன்னுச்சுன்னு நெனச்சுக்குவேன். நான் பேசாம இருந்து பாத்திருக்கேன், ஒரு வாரம். அவருக்குத் தெரியவே இல்ல. ஏடன்லருந்து வந்த அன்னைக்கு, வேல விட்டு வந்தாரு, கால்ல அட்டை கடிச்ச ரத்தம் வழியுது, கழுவிட்டு அடுப்புக்குப் பக்கத்துல ஒக்காந்தாரு. என்னையே பாத்தாரு. ‘அப்பறம்?’ன்னாரு.

அப்பறம்! நான் திரும்பிப் பாக்குறேன், வேற யாரும் இருக்காங்களான்னு. என்னைத்தான் கேக்குறாரு!

சொன்னேன். கண்ணு விரிஞ்சு கேக்குறாரு. மறுநாளும் வந்து ‘அப்பறம்?’ங்குறாரு. சிரிக்கிறாருங்க! அவருக்கு முன்னால ஒரு பல்லு இல்லேன்னு எனக்கு அப்பத்தான் தெரியும். வாங்கி வந்த சேதி பதினோரு நாளுக்குத்தான் இருக்கு, மனுசன் ரெண்டு மாசமா கேக்குறாரு. நான் என்ன செய்ய? கெடையாதுங்குறத ஒன்னொன்னா எடுத்து விட்டேன். அங்க வழுக்குற பாதை கெடையாது. பூச்சி மருந்து கெடையாது. கொழுந்துக்கூட முதுக அறுக்குறது கெடையாது. இல்லாதது எவ்வளவு இருக்குன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிஞ்சுச்சு. பாறைன்னு ஒரு சொல்லு சொன்னா முடிஞ்சு போகும். மறுநாள்லருந்து மறுபடியும் ‘ம்’. அதனால… நாளைக்குச் சொல்லிக்கலாம்னு…

எல்லாம் சரி. ஒன்னே ஒன்னுதான் கொஞ்சம்… போன ஞாயித்துக்கெழம கேட்டாரு, ‘அங்க ஆளு எடுக்குறாங்களா?’ன்னு. அதுக்கு நான், ‘வேணாம்னு யாரும் சொல்லல’ன்னேன்.

உண்மதானே? யாரும் சொல்லல! நான் யாரையும் கேக்கவே இல்ல, பின்ன எப்படிச் சொல்லுவாங்க? … என்னங்க டீச்சரம்மா, அப்படிப் பாக்குறீங்க? நானே என் வாயால என் காம்பராவப் பூட்டிட்டேன்னு பாக்குறீங்க. தெரியுது. அட்டன் வரைக்கும் சுத்தி வளச்சு வந்தாலும் கணக்கு என் தலையிலதான் வந்து நிக்குது.

அட்டன் வந்துருச்சு! எறங்குங்க எறங்குங்க! மாத்தயா, கொஞ்சம் அந்த மூட்டையத் தூக்கிப் போடுங்க! மணி? … பன்னெண்டுக்கு அஞ்சா! ஐயோ, டீச்சரம்மா, கூடவே வாங்க, ஒரு ஒத்தாச. அவரக் கண்டா நீங்கதான் பேரச் சொல்லிக் கூப்பிடணும். என்னால முடியாது. கட்டுனவரு பேரச் சொல்லி எனக்குப் பழக்கமில்ல. வேதத்துல சேந்து அம்மனையெல்லாம் விட்டாச்சு, இது மட்டும் நாக்குல ஒட்டிக்கிட்டு போக மாட்டேங்குது. கேளுங்க, சுளுவான பேருதான். மூஞ்சி லட்சணமா இருந்தா ஒன்னு சொல்லுவோமில்ல? அது முன்பாதி. கடல்ல சிப்பிக்குள்ள இருக்குமில்ல? அது பின்பாதி. சேத்துக் கூப்பிடுங்க. கூப்பிடுங்க டீச்சரம்மா… டீச்சரம்மா? அட, எங்க போனாங்க? அவங்க கொடை அந்தா போகுது… கொடை ஓடுது! படிச்சவங்களே இப்படித்தான், கேக்குறப்ப எல்லாம் கேட்டுட்டு…

வழி விடுங்க, வழி விடுங்கய்யா. அந்தா! மூனாவது பெட்டியில, சன்னலோரமா! சுத்தி எட்டுப் பேரு நிக்கிறாங்க, இவரு கைய ஆட்டி ஆட்டிப் பேசுறாருங்க! ‘அட்டைன்னா என்னான்னே தெரியாத சனம்’னு… எங்க வீட்டுக்காரரா அது? பேசுறாரா?

ஏங்க! ஏங்க! … உங்களையில்லைங்க, நீங்க போங்க. ஏங்க! … ஐயா, நீங்களும் இல்ல. கடவுளே, பிளாட்பாரத்துல இருக்குற ஆம்பளையெல்லாம் திரும்புது, அவரு ஒருத்தரத் தவிர! கொடி காட்டுறான், ஊதுறான்… ஏங்க…! ஏ…

அழகுமுத்தூ…!

… எறங்கிட்டாரு. எறங்கிட்டாரு! பொட்டியோட குதிச்சுட்டாரு. போகட்டும், ரயிலு போகட்டும்.

மன்னிச்சுக்கங்க. பேரச் சொல்லிட்டேன். வேற வழியில்ல. அப்படி வாயப் பொளந்துக்கிட்டு நிக்காதீங்க, சனம் பாக்குது. இங்க ஒக்காருங்க. கேளுங்க. நான் சொன்னதெல்லாம் உண்ம. களை கெடையாது. ஏன் கெடையாது? பாறைங்க. முழுக்கப் பாறை. களையே மொளைக்காத எடத்துல தோட்டம் ஏது? தொரையும் இல்ல, பேரு எழுதுற புஸ்தகமும் இல்ல. ஏவாள் இருந்தப்ப எப்படியோ, இப்ப உப்பும் ஆடுந்தான். … ஏன் சொல்லலையா? நீங்க ‘அப்பறம்?’னு கேட்டீங்க. அதான். அத விட்டுட மனசு வரல. அடிக்கிறதுன்னா அடிங்க.

என்னது? … அட்டை இல்லேங்குறது நெசந்தானா? நெசந்தாங்க. ஒன்னுகூட இல்ல. … ‘அப்ப அது போதும், அடுத்த ரயிலுக்குப் போறேன்’னா என்ன அர்த்தம்? அட கடவுளே! கேளுங்க, அங்க என்ன குடிக்கிறாங்க தெரியுமா? காப்பித் தோலு. கொட்டைய வித்துட்டு தோல வேக வச்சுக் குடிக்கிறாங்க. கண்ணால பாத்தேன். … தேத்தண்ணியே கெடைக்காதான்னா கேக்குறீங்க? கப்பல்காரங்க தேத்தண்ணிக் கடைய நான் ஏங்க பாக்குறேன், நான் தோலத்தான் பாத்தேன். … ஆங். பொட்டியக் கீழ வைங்க. அப்படி வைங்க.

வாங்க, ரெண்டு மணி பஸ்ஸு இருக்கு, நாலுக்குள்ள ஆபீசுக்குப் போயிரலாம். நீங்க வாயத் தொறக்க வேணாம். பதினெட்டு வருசமாத் தொறக்காத வாயி, இன்னைக்கு ரயில்ல தொறந்த வரைக்கும் போதும். தொரைகிட்ட நான் பேசிக்கிறேன். பேர மறுபடி எழுதுங்கன்னு நாம கெஞ்ச வேணாம். பொய்யும் வேணாம். ‘தொரை, நான் ஏதேன் தோட்டத்துக்கும் போயிப் பாத்துட்டு வந்துட்டேன். அதுக்கு உங்க தோட்டம் எவ்வளவோ தேவல’ன்னு சொல்லுவேன். மனுசன் குளிந்து போயி அந்த எடத்துலயே பேனாவ எடுப்பாரு பாருங்க. என்ன முழிக்கிறீங்க? ரெண்டையும் கண்ணால பாத்தவ சொல்றேன், இதுல எது பொய்?